கரடிப்போக்குச் சந்திப் படக்கடை: கேட்டுக் கேட்டுத் திருத்துகிறவர்கள்

கிளிநொச்சியில் பழைய படங்களைத் திருத்தி, பெரிதாக்கி, பிறேம் போட்டுத் தரும் கடை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, போரில் போன பிள்ளையின் ஒரேயொரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்று தயங்குகிறவர்களுக்காக. கடை கரடிப்போக்குச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். கார்த்திகையில் மாவீரர் நாள் வந்தால் தேவையில்லாத விசாரணைகளும் வரும், தன்னிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கரைச்சல் வேண்டாம் என்றார். அது நியாயம். சந்தியில் பழைய படம் திருத்துகிற கடை என்று கேட்டால் போதும், காட்டிவிடுவார்கள்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வேலை மிகவும் நல்லது. விலை கொஞ்சம் கூட, நேரமும் எடுக்கும். ஆனால் இவர்கள் ஒரு படத்தில் கைவைக்க முன்னர் கேட்கிறார்கள். அந்த ஒரு பழக்கத்துக்காகவே எவ்வளவு தூரத்திலிருந்தும் வரலாம்.

நாங்கள் கொண்டுபோனது பெரியண்ணாவின் படம். எங்களுக்குச் சொந்த இடம் உருத்திரபுரம். 1996இல் கிளிநொச்சி படையினர் கையில் போனபோது இடம்பெயர்ந்து மல்லாவிக்குப் போனோம். பெரியண்ணா அப்போதே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தார். 1998 செப்டெம்பர் கடைசியில் கிளிநொச்சியைத் திரும்பப் பிடித்த சண்டையில், தான் பிறந்து வளர்ந்த ஊரிலேயே விழுந்தார். மேஜர் என்ற நிலை அதற்குப் பிறகு கொடுக்கப்பட்டது. போராளிகளைப் புதைக்கும் விசுவமடு துயிலுமில்லத்தில் விதைத்தார்கள். கல்லறையில் பெயர் இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்ப்பா. 2009க்குப் பிறகு துயிலுமில்லங்களை இடித்துத் தரைமட்டமாக்கியபோது அந்தக் கல்லும் போய்விட்டது. ஒட்டுசுட்டான் பக்கம் கற்பூரப்புல்வெளியில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனை 1803இல் தோற்கடித்ததாக வொன் டிறிபேர்க் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் பெயரோடு ஒரு கல் நின்றது. தோற்கடித்தவனின் பெயரைத் தாங்கிய கல்லாக இருந்தும் எங்கள் சனம் அதைப் பண்டாரவன்னியனின் கல்லாகத்தான் பார்த்தது. அப்படி ஒரு கல்லும் எங்களுக்கு மிஞ்சவில்லை. அதனால் இந்தப் படம்தான் எங்களுக்குக் கல்லறையும்.

படம் பட்ட பாடு வன்னியில் பலருக்கும் தெரிந்த பாடுதான். மல்லாவியில், அவர் விடுப்பில் வந்திருந்த ஒருநாள், ஒரு சின்ன ஸ்ரூடியோவில் எடுத்த போஸ்ட் காட் அளவு வண்ணப் படம். சமாதான காலத்தில் உருத்திரபுர வீட்டுக்குத் திரும்பிய பிறகு சாமியறைக்கு வெளியே மாட்டியிருந்தோம். 2008 முடிவில் திரும்பவும் ஓட வேண்டி வந்தது. தருமபுரத்தில் ஒரு உறவினர் வளவில் இருந்தபோது, இனி இதைக் கொண்டு திரியேலாது, எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து என்று அம்மா படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, பால்மா டின்னுக்குள் போட்டு, கிணற்றடியில் தாழ்த்தா. பிறகு புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம். ஊருக்கு விட்டதும் போய்த் தோண்டினா. டின் துருப்பிடித்து ஓட்டையாகி, தண்ணீர் உள்ளே போயிருந்தது. ஈரத்தோடேயே படத்தைக் கண்ணாடி பிறேமுக்குள் வைத்துவிட்டா. அது காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இடது பக்கக் காது, கழுத்துப்பட்டியின் பாதி, கீழ் மூலை எல்லாம் மஞ்சளாகி, சில இடம் வெறும் வெள்ளை.

இந்தக் கடைக்கு வர முன்னர் இன்னொரு ஊரில் இன்னொரு ஸ்ரூடியோவில் கொடுத்தோம். பெயர் வேண்டாம். அவர்கள் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெரியண்ணாவுக்கு நீல நிறக் கோட்டும் சிவப்பு ரையும் மாட்டி, முகத்தை வெளுப்பாக்கி, பின்னால் அருவியும் ரோசாப்பூவும் வைத்துக் கொடுத்தார்கள். சீருடைப் படம் என்ற பயத்தில்தான் அப்படிச் செய்திருப்பார்கள், அது விளங்குகிறது. ஆனால் புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பையும் அழித்துவிட்டார்கள். சின்ன வயதில் இரணைமடு வாய்க்கால் கட்டில் சைக்கிளோடு விழுந்த தழும்பு அது. அம்மா அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வந்து, சுவரில் மாட்டாமல் அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டா. "ஒருநாளும் கோட் போடாத பிள்ளை. இது ஆற்றையோ பிள்ளை" என்றா. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் ஒன்றுமில்லை.

சரி, இந்தக் கடைக்கு வருகிறேன்.

உரிமையாளர் அறுபது வயது கடந்தவர். இருட்டறையில் படம் கழுவிய காலத்திலிருந்து இந்தத் தொழில். கணினி வேலை செய்வது ஒரு இளம் பெண். போர் முடியும்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாள். நாங்கள் போனதும் அவர் செய்த முதல் வேலை, கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்க வேண்டாம் என்று அம்மாவின் கையைத் தடுத்தது. உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்றார். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் மெல்லிய துணியால் துடைத்து, அப்படியே ஸ்கான் செய்தார்கள். திரையில் பெரிதாக்கிக் காட்டும்போது ஏன் மஞ்சளாகிறது என்றும் விளக்கினார். வண்ணப் படத்தில் நிறங்கள் படலம் படலமாக இருக்கின்றன. ஈரம் மேல் படலத்தை முதலில் கரைக்கும், அடியில் இருக்கிற மஞ்சள்தான் கடைசியில் மிஞ்சும். அதுவும் போனால் வெறும் கடதாசி. ஆகவே மஞ்சளாக இருக்கிற இடத்தில் உருவம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தேடி எடுக்கலாம். வெள்ளையான இடத்தில் எதுவும் இல்லை, அதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். இப்படிப் பிரித்துச் சொன்ன பிறகுதான் விலை பேசினார்.

அந்தப் பெண் முதலில் கைபேசிச் செயலி ஒன்று திருத்தித் தந்த படத்தைக் காட்டினாள். ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. வழுவழுப்பான முகம், வடிவான கண், சினிமாக்காரன் மாதிரி ஒருவர். "அம்மா, கனபேர் இதைத்தான் கேக்கினம். கெதியா முடியும், காசும் குறைவு. ஆனா இது உங்கட மகனோ எண்டு நீங்கள்தான் சொல்லோணும்" என்றாள். அம்மா இல்லை என்று தலையாட்டினா. "அப்ப கையால செய்வம்" என்று அந்தப் படத்தை எங்கள் கண் முன்னாலேயே அழித்தாள். விற்க வந்த ஒருவர் தன் இலேசான வழியைத் தானே மூடிவிட்டு, கஷ்டமான வழியில் வேலை செய்வதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு கேள்விகள். புருவத்தில் இருப்பது படத்தின் கீறலா, ஆளின் தழும்பா? தழும்பு என்றதும் அதைத் தொடவே இல்லை. அடுத்த கேள்வி மணிக்கூட்டைப் பற்றி. படத்தில் பெரியண்ணா வலது கையில் மணிக்கூடு கட்டியிருக்கிறார், அதுவும் முகப்பு உள்ளங்கைப் பக்கமாக. அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். அந்தக் காலத்து ஸ்ரூடியோவில் நெகட்டிவை மாற்றி வைத்துக் கழுவியிருந்தால் இடமும் வலமும் மாறியிருக்கும். அப்படியானால் தழும்பும் மற்றப் புருவத்தில் அல்லவா இருக்க வேண்டும்? பொத்தான் பட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆண்களின் மேற்சட்டையில் எந்தப் பக்கம் மேலே வருமோ அந்தப் பக்கம்தான் வந்திருந்தது. படம் சரி. அம்மா அப்போதுதான் சொன்னா, அவர் எப்போதும் வலக்கையில்தான் கட்டுவார், இரவில் கண்ணாடி மின்னாமல் உள்பக்கம் திருப்பி விடுவார் என்று. எனக்கே அது தெரியாது. ஒரு மணிக்கூட்டில் சந்தேகப்பட்டபடியால் பெரியண்ணாவைப் பற்றி ஒரு விசயம் எனக்குப் புதிதாகக் கிடைத்தது.

இடது காதுக்கு எதுவுமே மிஞ்சவில்லை. வலது காதைத் திருப்பி ஒட்டினால் போதாதா என்று கேட்டேன். ஒரே ஆளின் இரண்டு காதும் ஒரே மாதிரி இராது, பார்க்கிறவர்களுக்கு ஏனென்று தெரியாமலேயே ஏதோ பிழை என்று மனம் சொல்லும் என்றாள். பிறகு வீட்டில் ஆருக்காவது அவரின் சாயல் இருக்கா என்றாள். என் மகனுக்கு மாமன்ரை காது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பா. அடுத்த முறை மகனைக் கூட்டிப் போனோம். படத்தில் வெளிச்சம் விழுகிற பக்கத்தைப் பார்த்து, அதே பக்கம் லைற்றை வைத்து, அவனைத் திருப்பித் திருப்பி இருத்தி, காதைப் படம் எடுத்தாள். அவன் அசையாமல் இருந்தான். அவனுக்குப் பதினைந்து வயது. மாமாவைப் படத்தில் மட்டுமே தெரியும்.

வேலை முடிந்ததும் இரண்டு பிரதி தந்தாள். ஒன்று முழுப் படம். மற்றது சாதாரணக் கடதாசியில், புதிதாக வரைந்த இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டது. காது, கழுத்துப்பட்டியின் பாதி, கீழ் மூலையில் முழங்கைப் பக்கம். மிச்சமெல்லாம் பெரியண்ணாவேதான் என்றாள். இப்படி ஒரு கடை செய்து நான் கேள்விப்பட்டதே இல்லை. எது அவருடையது, எது நாங்கள் நிரப்பியது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அவள் எண்ணம். அந்தக் கடதாசி என் காணி உறுதிகளோடு இருக்கிறது.

சீருடையைப் பற்றியும் நேராகக் கதைத்தார்கள். நாட்டில் தடை இருக்கிறது. சின்னம், கொடி தெரிகிற மாதிரி எதையும் அச்சடிக்க மாட்டோம், உங்களுக்கும் எங்களுக்கும் பாதுகாப்பில்லை என்றார் உரிமையாளர். எங்கள் படத்தில் சின்னம் எதுவும் தெரியவில்லை. வரிச்சீருடையும் சட்டைப்பையில் ஒரு பேனாவும் மட்டும்தான். வேண்டுமென்றால் தோளோடு வெட்டலாம், சாதாரணச் சேர்ட்டாக மாற்றவும் முடியும், ஆனால் முடிவு அம்மாவுடையது என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. "அவன் என்னவா இருந்தானோ அப்பிடியே இருக்கட்டும் தம்பி. வீட்டுக்குள்ளதானே மாட்டப் போறன்" என்றா. பேனாவையும் வெட்டக் கூடாது என்று சொன்னா.

அந்தப் பேனாவுக்கு ஒரு கதை உண்டு. பெரியண்ணா தனக்குக் கீழே இருந்த பிள்ளைகளின் வீட்டு விலாசங்களை ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைத்திருப்பார். தாய் தகப்பன் இடம்பெயர்ந்தால் பழையதை வெட்டிப் புதியதை எழுதுவார். வன்னியில் அந்த வருசங்களில் ஒரு குடும்பத்தின் விலாசம் எத்தனை தரம் மாறும் என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். யாராவது விழுந்தால், முடிந்தபோதெல்லாம் தானே சைக்கிளில் போய் அந்த வீட்டில் சொல்லுவார். ஒருநாள் அப்படிப் போய்விட்டு மல்லாவிக் கொட்டிலுக்கு வந்து, சாப்பிடாமல், அம்மாவின் காலடியில் படுத்தபடி விடியும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தவர், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஒரு அண்ணா. அவர் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் எங்கள் கொட்டிலைக் கண்டுபிடித்திருந்தார். முதல் பக்கத்தில் தன் வீட்டு விலாசத்தை எழுதி வைத்திருந்தாராம் பெரியண்ணா.

பெரியண்ணாவோடு இருந்தவர்களில் ஒருவர் இப்போது வட்டக்கச்சிப் பக்கம் மேசன் வேலை செய்கிறார். புதுப் படத்தை மாட்டியபின் ஒருநாள் வந்தார். கோட் போட்ட படத்தைப் பார்த்த அன்று ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர். இந்தத் தரம் கிட்டப் போய் நின்று, "பேனை இருக்கு. மணிக்கூடும் அப்பிடியே" என்றார். ஒரு படக்கடைக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

கடையில் காத்திருந்தபோது கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு அம்மா லமினேற் செய்த படமொன்றோடு வந்தா. வெயிலில் வெளிறி, மகனின் மூக்கும் வாயும் மங்கிப்போயிருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டத்தில் தூக்கிப் பிடித்த படம். உரிமையாளர் அவரிடம் காசு பேசவில்லை. பழைய கோப்பைத் தேடி எடுத்துத் திரும்ப அச்சடித்துக் கொடுத்தார், கடதாசிக் காசு மட்டும். பிறகு எனக்கு ஒரு விசயம் விளங்கியது. எங்களிடம் முதலில் அவர் கேட்ட கேள்வி "படத்துக்கு மாலை உண்டோ, இல்லையோ?" என்பது. ஆள் இருக்கிறாரா, இல்லையா என்று அவர் ஒருவரிடமும் கேட்பதில்லை. மாலை இல்லை என்றால் அந்தப் படத்தில் மறைந்த திகதி, விளக்கு, பூ ஒன்றும் வராது, பிறந்த திகதியோடு நிற்கும். தெரியாமல் ஒரு மாலையை வரைந்து கொடுத்தால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விசயம் இது. எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பிறேம் வேலையும் திறம். கண்ணாடி படத்தில் முட்டாதபடி நடுவில் தடித்த மட்டைச் சட்டம் வைக்கிறார்கள். பழைய படம் ஒட்டிப் பாழானது அந்த இடைவெளி இல்லாதபடியால்தான். பின்பக்கப் பலகையின் ஓரம் முழுக்க ரேப் ஒட்டி, பூச்சி போகாமல் அடைக்கிறார்கள். கீழ் மூலைகளில் இரண்டு றப்பர்த் துண்டு வைத்திருக்கிறார்கள், சுவருக்கும் பிறேமுக்கும் இடையில் காற்றுப் போக. வீட்டுத்திட்ட வீடுகளின் சுவர் மாரியில் எப்படி ஊறும் என்று உங்களுக்குத் தெரியும். விளக்கை நேர் கீழே வைக்க வேண்டாம், புகையும் சூடும் படத்தைக் கெடுக்கும், ஒரு முழம் தள்ளி வையுங்கள் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். பெயர், திகதி எழுதும் பகுதியை முதலில் வெள்ளைத் தாளில் அச்சடித்து அம்மாவைக் கொண்டு உரக்க வாசிப்பித்தார். அதில் பிறந்த மாதம் மாறியிருந்தது பிடிபட்டது. சொந்தப் பெயர் பெரிதாகவும், அதன் கீழே மேஜர் என்ற நிலையும் இயக்கப் பெயரும் சின்னதாகவும் வந்தன. அது அம்மாவின் விருப்பம்.

குறைகள் இல்லாமல் இல்லை. படிகள் செங்குத்து, பிடிமானமும் இல்லை. முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவை ஏற்றி இறக்க நானும் மகனும் பட்ட பாடு பெரிது. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வயதான தாய்மார். கீழே ஒரு கதிரை போட்டு, மடிக்கணினியை இறக்கிக் காட்டினால் எவ்வளவோ உதவி. சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார்கள். சொன்ன திகதிக்கும் வேலை முடியவில்லை, இரண்டு தரம் பிந்தியது. வட்டக்கச்சி, அக்கராயன் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் போன் பண்ணிக் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். விலை குறைந்த பிறேம்களில் பிளாஸ்ரிக் சட்டம் இருக்கிறது, அதை எடுக்க வேண்டாம், மூலை விரிகிறது. மரச்சட்டம்தான் நிற்கும். எங்களுக்குத் திருத்த வேலை, பெரிய அளவு அச்சு, மரச்சட்டம், கண்ணாடி எல்லாமாகப் பதினோராயிரம் ரூபா முடிந்தது. சின்னக் காசில்லை. தவணையாகத் தரலாம் என்று அவரே சொன்னார். மாவீரர் குடும்பம் என்று விலையைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, அம்மா கேட்க விடவுமில்லை. ஆனால் உழைப்பே இல்லாத ஒரு வயோதிபத் தம்பதியிடம் அவர் பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்ததை என் கண்ணால் கண்டேன்.

கோப்பைப் பென் டிறைவில் தருவார்கள். தங்களிடம் ஒரு பிரதி வைத்திருக்கலாமா, அழிக்கவா என்று கேட்பார்கள், இரண்டுக்கும் சம்மதம். அம்மா சொன்னது இது: "வைச்சிரு ராசா. இனி ஒருக்கா டின்னுக்குள்ள போட்டுத் தாழ்க்க என்னால ஏலாது."

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை குறைத்தது படிக்கட்டுக்கும் பிந்தியதற்கும்.

மாவீரர் நாளான நவம்பர் 27க்கு முன்னர் படம் வேண்டுமென்றால் புரட்டாதியிலேயே கொடுத்துவிடுங்கள், ஐப்பசி தொடங்கினால் சனம் கூடிவிடும், மழையும் வந்துவிடும். ஒட்டிய படத்தை வீட்டில் உரிக்க வேண்டாம், கண்ணாடியோடேயே கொண்டு போங்கள். தண்ணீர் தொட்டுத் துடைக்கவும் வேண்டாம். அந்த ஆளைத் தெரிந்த வயதான ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடப் படம், அடையாள அட்டைப் படம், சகோதரங்களின் படம் எது இருந்தாலும் கூடவே எடுத்துப் போங்கள். ஞாயிறு பூட்டு. மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.